பத்துப் பேரைப் பேச வைப்பது எப்படி? குழு நடத்தப் புதிதாக வருபவர்களுக்கு ஒரு செய்முறை

மொரீஷியஸில் ரோஸ் ஹில் பக்கம் ஞாயிறு மாலைகளில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுகிறோம். தமிழில் பேசிப் பழகுவதுதான் நோக்கம். பாட்டிமார் உண்டு, வேலைக்குப் போகிறவர்கள் உண்டு, பள்ளியில் தமிழ் படிக்கும் பிள்ளைகளும் உண்டு. வீட்டில் இத்தீவின் பேச்சுமொழியான கிரியோல், வெளியே பிரெஞ்சும் ஆங்கிலமும். தமிழைக் கேட்டால் புரியும், வாய் திறக்கத்தான் தயக்கம். இப்படி ஒரு குழுவை நீங்களும் தொடங்க நினைத்தால், எங்களுக்குக் கைகொடுத்த முறையை வரிசையாகச் சொல்கிறேன். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு வியப்பான செய்தியைக் கொண்டுபோய், அதை வைத்துப் பேச்சைத் தொடங்குவதுதான் அந்த முறை.

படி 1: கைக்கு எட்டும் செய்தியாகத் தேடுங்கள்

முதல் கூட்டத்துக்கு நான் வெள்ளிக் கோளைப் பற்றி எழுதிக்கொண்டு போனேன். அது சூரியனைச் சுற்றிவர 225 நாள் ஆகும், தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 243 நாள் ஆகும். ஒரு சுழற்சி முடிவதற்குள் அங்கே ஓர் ஆண்டே கடந்துவிடுகிறது. "அப்படியா!" என்றார்கள் எல்லாரும். அதோடு பேச்சு நின்றுவிட்டது. அந்தக் கோளோடு யாருக்கும் ஒரு நினைவும் இல்லை, சொல்வதற்கும் ஒன்றும் இல்லை.

அடுத்த வாரம் மொரீஷியஸ் 100 ரூபாய் நோட்டு ஒன்றை மேசைமேல் வைத்து, "இதில் தமிழ் எங்கே இருக்கிறது?" என்று மட்டும் கேட்டேன். தினமும் கையில் புழங்கும் நோட்டு, ஆனாலும் பிள்ளைகள் குனிந்து தேடினார்கள். நோட்டில் படமாக இருப்பவர் இந்நாட்டு அரசியல் தலைவராக இருந்த ரெங்கநாதன் சீனிவாசன் என்று ஒரு தாத்தா சொன்னார். 1998இல் வந்த புது நோட்டுகளில் தமிழை இந்திக்குக் கீழே தள்ளியதும், தமிழர்கள் எதிர்ப்புத் தெரிவித்ததும், அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று 1999இல் பழைய வரிசைப்படி வெளியிட்டதும் அப்புறம் பேச்சில் வந்தன. பெரியவர்கள் ஒவ்வொருவராக அந்த நாட்களில் தாங்கள் எங்கே இருந்தோம், என்ன பேசிக்கொண்டோம் என்று சொல்லத் தொடங்கினார்கள். நான் குறுக்கே பேசவே தேவைப்படவில்லை.

ஆகவே செய்தியைத் தேர்ந்தெடுக்கும்போது, கேட்பவரின் வீட்டுக்குள் அது நுழையுமா என்று பாருங்கள். பணப்பை, சமையலறை, தோட்டம், கோயில் வாசல், பேருந்து நிறுத்தம் இவற்றில் ஏதாவது ஒன்றைத் தொட வேண்டும்.

படி 2: சொல்வதற்கு முன் சரிபாருங்கள்

வியப்பான செய்திகளில் பாதி, வாய்வழியாக உருமாறி வந்தவை. மொரீஷியஸில் மட்டும் வாழ்ந்து அழிந்துபோன டோடோ பறவையையே எடுத்துக்கொள்ளுங்கள். "மாலுமிகள் பிடித்துத் தின்றே தீர்த்துவிட்டார்கள்" என்றுதான் இங்கே பலரும் சொல்கிறோம். வேட்டையும் ஒரு காரணம்தான். ஆனால் டோடோ தரையில் கூடு கட்டும் பறவை. 1598இல் டச்சுக்காரர்கள் வந்த பிறகு கப்பல்களில் வந்திறங்கிய எலி, பன்றி, குரங்கு எல்லாம் முட்டையையும் குஞ்சையும் அழித்தன. காடும் குறைந்தது. டோடோவைப் பார்த்ததாகப் பொதுவாக ஏற்கப்படும் கடைசிக் குறிப்பு 1662ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இரண்டு நம்பகமான இடங்களில் படித்துப் பார்க்காமல் எந்தச் செய்தியையும் குழுவுக்குக் கொண்டுபோகாதீர்கள். பிள்ளைகள் அதை அப்படியே மனத்தில் எழுதிக்கொள்கிறார்கள்.

படி 3: பேச்சோடு ஒரு பொருளும் வரட்டும்

என்னைக் கேட்டால் இதுதான் மிக முக்கியமான படி. ஒருமுறை சந்தையிலிருந்து நான்கு பொருள் வாங்கி ஒரு தட்டில் பரப்பி வைத்தேன். கிரியோலில் அவற்றுக்குப் பெயர் கேட்டேன். பிள்ளைகள் சட்டென்று சொன்னார்கள்: கரிபுலே, கொத்தோமிலி, மூரும், பிப்பங்காய். "இதையே மெதுவாகச் சொல்லுங்கள், உள்ளே என்ன கேட்கிறது?" என்றேன். கறிவேப்பிலை, கொத்தமல்லி, முருங்கை, பீர்க்கங்காய். தமிழே தெரியாது என்று சொல்லிக்கொண்டிருந்த ஒரு பையன், தான் தினமும் தமிழ் பேசிவந்திருக்கிறான் என்று அன்றைக்குத்தான் கண்டுகொண்டான். தமிழ்க் குடும்பமே இல்லாத வீடுகளிலும் இந்தச் சொற்கள் புழங்குகின்றன என்றதும் அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

அதற்குள் தட்டு ஒரு பாட்டியிடம் போயிருந்தது. அவர் கறிவேப்பிலைக் கொத்திலிருந்து ஓர் இலையைக் கிள்ளி, விரல்களுக்கு நடுவே கசக்கி, மூக்கருகே கொண்டுபோனார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "அம்மா ரசத்துக்குத் தாளிக்கிற நேரம் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து நிற்பேன்" என்றார். தமிழில் முழு வாக்கியமாக அவர் பேசி நாங்கள் கேட்டது அதுவே முதல் தடவை. கேள்வி கேட்டு அந்த வாக்கியத்தை வாங்கியிருக்க முடியாது. இலையின் வாசனைதான் அதைக் கொண்டுவந்தது.

படி 4: கேள்வியை வீட்டிலேயே எழுதிக்கொள்ளுங்கள்

"உங்களுக்குப் பிடிக்குமா?" என்று கேட்டால் ஆமாம், இல்லை என்பதோடு முடிந்துவிடும். "ஏன்?" என்று கேட்டால் விசாரிப்பதுபோல் இருக்கும், கூச்சம் உள்ளவர் சுருங்கிவிடுவார். "எப்போது", "யார் வீட்டில்", "எப்படிச் செய்வீர்கள்" என்று தொடங்கும் கேள்விகள் நன்றாக வேலை செய்கின்றன. முருங்கையை வைத்துக்கொண்டு "முருங்கைக்கீரை நல்லதா?" என்று கேட்காதீர்கள். "உங்கள் வீட்டில் கீரையை உருவி எடுப்பது யார் வேலை?" என்று கேளுங்கள். மூன்று கேள்வி போதும். சம்பளம், சாதி, பிறர் வீட்டுக் கல்யாணப் பேச்சு, கட்சி அரசியல் ஆகியவற்றைக் குழு நன்றாகப் பழகும் வரை தொடாமல் இருப்பது நல்லது.

படி 5: முதலில் இரண்டிரண்டு பேராக

வட்டமாக உட்காருங்கள். கேள்வியைச் சொன்னதும் பக்கத்தில் இருப்பவரோடு 3 நிமிடம் பேசச் சொல்லுங்கள். ஒருவரிடம் சொல்லிப் பார்த்ததைப் பத்துப் பேரிடம் சொல்ல அவ்வளவு பயம் இருக்காது. பிறகு எல்லாருக்கும் பொதுவாகக் கேளுங்கள். யாரும் பேசாவிட்டால் மனத்துக்குள் பத்துவரை எண்ணுங்கள். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் நாமே பதில் சொல்லிவிடுவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு.

ஒருவரே பேசிக்கொண்டிருந்தால்? ஓர் எலுமிச்சம்பழத்தைச் சுற்றில் விடுங்கள். பழம் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேசலாம். பேச விருப்பம் இல்லாதவர் பழத்தை அடுத்தவரிடம் கொடுத்துவிடலாம். யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது.

படி 6: தட்டுப்பட்ட சொல்லை எழுதி வையுங்கள்

நடுவில் கிரியோல் வந்தால் வரட்டும். பேச்சு ஓடும்போது திருத்தாதீர்கள். ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு கடைசி ஐந்து நிமிடத்தில் எல்லாருமாகச் சேர்ந்து தமிழ்ச் சொல்லைத் தேடலாம். மொத்தம் 45 நிமிடத்துக்குள் முடித்துவிடுங்கள்.

தொடக்கத்துக்கு மூன்று செய்திகள்

இங்குள்ள பாம்ப்லமூஸ் தாவரவியல் தோட்டத்தில் நிற்கும் தாளிப்பனை வாழ்நாளில் ஒரே ஒருமுறை பூக்கும், காய்த்தபின் பட்டுப்போகும். நம் முன்னோர் சுவடி எழுதிய ஓலைகளில் இந்தப் பனையின் ஓலையும் உண்டு. கேள்வி: உங்கள் வீட்டில் இருக்கும் மிகப் பழைய எழுத்து எது, கடிதமா, ஜாதகமா, நோட்டுப் புத்தகமா?

அதே தோட்டத்துக் குளத்தில் உள்ள பெரிய அல்லி முதல் நாள் வெள்ளையாக விரிந்து மறுநாள் இளஞ்சிவப்பாகும். கேள்வி: எதைப் பார்ப்பதற்காக நீங்கள் மறுநாளும் திரும்பிப் போனீர்கள்?

மூன்றாவது, நம் வாழையிலைச் சாப்பாடு. சோற்றோடு ஏழு கறி பரிமாறுவதால் கிரியோலில் இதை 'செத் கரி' என்கிறோம். இதற்கு ஓர் இலையைக் கொண்டுபோய் மேசைமேல் விரியுங்கள். எந்தக் கறி இலையில் எந்த இடத்தில் வரும் என்று ஒவ்வொருவராக விரலால் காட்டச் சொல்லுங்கள். இரண்டு வீட்டு வரிசை ஒத்துப்போகாத இடத்தில் பேச்சு தானாகத் தொடங்கிவிடும், அப்போது நீங்கள் எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கொடுத்தால் போதும்.