ஒன்ராறியோவில் கல்லூரி: சிறப்புத் தேவையுள்ள பிள்ளையோடு வந்திருப்பவர்களுக்கு

ஊரில் "படிப்பு கொஞ்சம் மந்தம்" என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் அடக்கிவிடுவோம். இங்கே வந்ததும் அதை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். வாசிப்பிலோ எழுத்திலோ கணக்கிலோ மட்டும் தடுமாறுகிற, மற்றபடி விளக்கத்தில் குறையில்லாத பிள்ளைக்கு இருப்பது கற்றல் குறைபாடு. விளங்கிக்கொள்வதும் அன்றாடக் காரியங்களைத் தனியே செய்வதும் வயதுக்கேற்ப வராத பிள்ளைக்கு இருப்பது அறிவுசார் குறைபாடு. லண்டனில் இருக்கும் உறவினரிடம் ஆலோசனை கேட்பவர்கள் கவனம்: பிரித்தானியாவில் "லேர்னிங் டிஸபிலிட்டி" என்றால் இந்த இரண்டாவது, கனடாவில் அதே சொல் முதலாவதைக் குறிக்கும். இது தெரியாமல் இரண்டு வீட்டுக்காரர்கள் தொலைபேசியில் நெடுநேரம் வேறு வேறு பிள்ளைகளைப் பற்றிப் பேசுவது நடக்கிற கதைதான்.

கல்லூரி வாசலும் இதைப் பொறுத்து மாறுகிறது. ஆனால் அந்த வாசல் திறக்கிறதா என்பது ஒன்பதாம் வகுப்பிலேயே பாதி முடிவாகிவிடுகிறது. பாடத்தெரிவுத் தாளை எடுத்துப் பாருங்கள். பாடக் குறியீடு "கே" என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கினால் அந்தப் பாடத்துக்கு கிரெடிட், அதாவது சான்றிதழுக்குச் சேரும் பாடப் புள்ளி, கிடையாது. உயர்பள்ளி டிப்ளோமாவுக்கு 30 கிரெடிட் வேண்டும். 14 கிரெடிட்டுடன் முடிப்பவருக்கு வேறொரு சான்றிதழ் உண்டு. "கே" பாடங்கள் இரண்டிலும் சேராது. சில பிள்ளைகளுக்கு அந்தப் பாடங்கள்தான் சரி. பிழை, விளங்காமல் தலையாட்டிவிட்டுக் கையெழுத்து வைப்பது. இதற்கான பள்ளிக் கூட்டத்துக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று முன்கூட்டியே கேளுங்கள். கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை.

பிள்ளையின் தேவையை முறையாக அடையாளம் காணும் குழுவை ஐ.பி.ஆர்.சி. என்பார்கள். பெற்றோர் எழுத்தில் கேட்டால் பள்ளி அதிபர் பிள்ளையை அந்தக் குழுவுக்கு அனுப்பியே ஆக வேண்டும். கூட்டம் ஏறக்குறைய எப்போது நடக்கும் என்பதை 15 நாட்களுக்குள் எழுத்தில் அறிவிக்கவும் வேண்டும். வாய்ச்சொல்லுக்கு இந்தச் சட்டம் ஓடாது. ஆகவே இரண்டு வரியானாலும் கடிதம் எழுதி, ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். ஐ.இ.பி. என்னும் தனிக் கல்வித் திட்டம் எழுதப்படும்போது, பள்ளிக்குப் பின் என்ன என்ற பகுதியும் அதில் இருக்க வேண்டும். அந்தப் பக்கம் ஒப்புக்கு நிரப்பப்பட்டிருந்தால் திருப்பிக் கேளுங்கள்.

கற்றல் குறைபாடு மட்டும் உள்ள பிள்ளை மற்றவர்களைப் போலவே வழக்கமான கல்லூரிப் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். தேர்வில் கூடுதல் நேரம், குறிப்பெடுக்க உதவி, வாசித்துக் காட்டும் மென்பொருள் போன்ற வசதிகளைக் கல்லூரியின் மாற்றுத்திறனாளர் சேவைப் பிரிவு ஏற்பாடு செய்யும். ஐ.இ.பி. தானாகக் கல்லூரிக்குப் போகாது. பொதுவாக உளவியலாளரின் மதிப்பீட்டு அறிக்கையைக் கேட்பார்கள். மிகப் பழையதென்றால் ஏற்காமலும் போகலாம். வெளியே செய்வித்தால் சில ஆயிரம் டாலர் போய்விடும். பள்ளிச் சபை செய்தால் இலவசம், ஆனால் காத்திருக்க வேண்டும். அதனால் பன்னிரண்டாம் வகுப்புவரை ஒத்திப்போடாதீர்கள்.

அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைக்கு சி.ஐ.சி.இ. என்ற இரண்டு வருடப் படிப்பு இருக்கிறது. ஒஷாவாவில் டர்ஹம் கல்லூரி, ரொறன்ரோவில் ஹம்பர், சார்னியாவில் லாம்டன் ஆகியவை இதை நடத்திவருபவை. தனிக் கட்டடத்தில் ஒதுக்கிவைக்கிற ஏற்பாடு அல்ல இது. சமையல், குழந்தைப் பராமரிப்பு, அலுவலகப் பணி என்று விருப்பமான துறையின் வழக்கமான வகுப்பிலேயே பிள்ளை உட்காரும். பாடத்தின் அளவையும் தேர்வையும் அதற்கேற்ப மாற்றித் தருவார்கள். கற்றல் துணைவர் ஒருவர் உதவிக்கு இருப்பார். அதோடு வேலையிடப் பயிற்சியும் உண்டு. டிப்ளோமா இல்லாத பிள்ளைக்கும் பொதுவாக வழியிருக்கும். நிபந்தனைகள் கல்லூரிக்குக் கல்லூரி மாறும், இடங்கள் குறைவு, நேர்முகமும் இருக்கலாம்.

முடிவில் கிடைப்பது ஒன்ராறியோ கல்லூரிச் சான்றிதழ். ஆனால் அது அந்தந்தத் துறையின் தொழில் தகுதி ஆகாது. குழந்தைப் பராமரிப்பு வகுப்பில் இருந்ததற்காக மகள் ஆசிரியை ஆகிவிடுவாள் என்று சொந்தக்காரரிடம் சொல்லிவைக்காதீர்கள். பிறகு அவள்தான் அதற்குப் பதில் சொல்ல நேரும். தனியே பஸ் பிடிப்பது, நேரத்துக்கு வேலைக்குப் போவது, மேலாளரிடம் "விளங்கவில்லை, திரும்பச் சொல்லுங்கள்" என்று கேட்பது ஆகியவற்றையே நான் பெரிய இலாபமாக எண்ணுகிறேன்.

செலவு விசயத்தில் உங்கள் குடியேற்ற நிலை முக்கியம். ஓசாப் என்னும் மாணவர் நிதியுதவிக்குக் குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ ஏற்றுக்கொள்ளப்பட்ட அகதி நிலையோ வேண்டும். அகதிக் கோரிக்கை இன்னும் விசாரணையில் இருந்தால் கிடைக்காது. அண்மைக் காலமாகக் கல்லூரிகள் நிதி நெருக்கடியால் பல படிப்புகளை நிறுத்திவைக்கின்றன. நீங்கள் விரும்பும் படிப்பு இந்த வருடம் மாணவரைச் சேர்க்கிறதா என்று முதலில் கேளுங்கள். பிப்ரவரி 1க்குள் வரும் விண்ணப்பங்கள் சமமாகப் பார்க்கப்படும். அவசரப்படத் தேவையும் இல்லை: பிள்ளை 21 வயதாகும் வருடத்தின் ஜூன் மாதம்வரை உயர்பள்ளியில் இருக்கலாம்.

கல்லூரிக்குள் போனபின் நம் பெற்றோர் அதிர்வது ஓர் இடத்தில்தான். பிள்ளை கையெழுத்திட்டுச் சம்மதம் தராமல் கல்லூரி உங்களோடு பேசாது. கட்டணம் கட்டியவர் நீங்கள்தான் என்றாலும் பேசாது. ஆகவே இப்போதிருந்தே பள்ளிக் கூட்டங்களில் பிள்ளையையும் உட்காரவையுங்கள். ஆசிரியர் அவனிடம் கேட்கும் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லாமல், பத்து விநாடி பொறுத்திருங்கள்.

கடைசியாக ஒரு தேதி. அறிவுசார் குறைபாடுள்ள பெரியவர்களுக்கான அரசு உதவிகள் பல டி.எஸ்.ஓ. என்ற அலுவலகம் வழியாகக் கிடைக்கும். உதவி தொடங்குவது 18 வயதில், ஆனால் 16 வயதிலேயே பதிந்துவிடலாம். காத்திருப்புப் பட்டியல் நீளமானது. பதினாறாவது பிறந்தநாளுக்குக் கேக் சொல்லும் அதே வாரத்தில் அவர்களுக்கும் ஒரு அழைப்பு எடுத்துவிடுங்கள்.