பழைய சாஃப்ட்வேர் புதுக் கம்ப்யூட்டரில் ஓட மறுக்கிறதா? பழையதை அழிப்பதற்கு முன் செய்ய வேண்டியவை

புதுக் கம்ப்யூட்டர் வந்த சந்தோஷத்தில் பழையதை ஃபார்மேட் செய்து யாருக்காவது கொடுத்துவிடாதீர்கள். பத்து வருடமாகப் பழகிய கணக்கு சாஃப்ட்வேரோ, டிசைன் போடும் சாஃப்ட்வேரோ புது மெஷினில் திறக்காமல் நிற்கும்போது, அதைச் சரிசெய்யத் தேவையான இன்ஸ்டால் ஃபைல், சீரியல் நம்பர், செட்டிங்ஸ், எல்லாவற்றுக்கும் மேலாக நீங்கள் இத்தனை நாள் பதிந்து வைத்த தகவல்கள், இவை அத்தனையும் அந்தப் பழைய பெட்டிக்குள்தான் இருக்கும். சாஃப்ட்வேர் போனால் வேறொன்று பார்த்துக்கொள்ளலாம், தகவல் போனால் போனதுதான். சில சாஃப்ட்வேர்களின் லைசென்ஸ் ஒரு மெஷினோடு கட்டப்பட்டிருக்கும். பழையதில் அதை டீஆக்டிவேட் செய்தால்தான் புதியதில் ஏற்றுக்கொள்ளும். டிஸ்கை அழித்துவிட்டால் அந்த வழியும் அடைபட்டுவிடும்.

சரி, தகவல் எங்கே இருக்கிறது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். என் உறவினர் ஒருவர் தன் கணக்கு சாஃப்ட்வேரின் ஃபோல்டரை புரோகிராம் ஃபைல்ஸிலிருந்து அப்படியே பென்டிரைவில் எடுத்து வந்து புது மெஷினில் போட்டார். சாஃப்ட்வேர் ஒழுங்காகத் திறந்தது, ஆனால் பதிவுகள் எல்லாம் அவர் விண்டோஸ் எக்ஸ்பியிலிருந்து விண்டோஸ் 7க்கு மாறிய நாளோடு நின்றிருந்தன. அதற்குப் பிறகு வந்த வருடங்கள் முழுக்கக் காணோம். அவர் முகம் வெளுத்துவிட்டது.

நடந்தது இதுதான். எக்ஸ்பி காலத்து சாஃப்ட்வேர்கள் பல தங்கள் தகவலைத் தாங்கள் குடியிருக்கும் புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள்ளேயே எழுதும். எக்ஸ்பிக்கு அடுத்த விண்டோஸான விஸ்டா வந்ததிலிருந்து சாதாரண சாஃப்ட்வேர் எதுவும் அங்கே எழுத விண்டோஸ் அனுமதிப்பதில்லை, ஆனால் பழைய 32 பிட் சாஃப்ட்வேர்கள் உடைந்துவிடக் கூடாது என்பதற்காக, அவை அங்கே எழுதுவதைச் சத்தமில்லாமல் வேறொரு இடத்துக்குத் திருப்பிவிடுகிறது. அந்த இடத்தின் பெயர் விர்ச்சுவல் ஸ்டோர். சி டிரைவில் யூசர்ஸ், அதற்குள் உங்கள் பெயர், ஆப்டேட்டா, லோக்கல், அதற்குள் பார்த்தால் கிடைக்கும். ஆப்டேட்டா மறைந்திருக்கும் ஃபோல்டர் என்பதால் எக்ஸ்புளோரரில் மறைந்தவற்றைக் காட்டும்படி மாற்றிக்கொள்ளுங்கள். உறவினரின் மீதிப் பதிவுகள் அத்தனையும் அங்கேதான் இருந்தன. பழைய கம்ப்யூட்டர் அப்போது அழிக்கப்படாமல் இருந்ததால்தான் அவை தப்பின.

பழையது ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்னொன்றையும் பாருங்கள்: உங்கள் சாஃப்ட்வேர் 16 பிட்டா, 32 பிட்டா? (எந்தத் தலைமுறைக் கம்ப்யூட்டருக்காக எழுதப்பட்டது என்பதைக் காட்டும் எண் இது, எண் சிறியது என்றால் சாஃப்ட்வேர் பழையது.) சாஃப்ட்வேரைத் திறந்து வைத்துக்கொண்டு டாஸ்க் மேனேஜரில் டீடெய்ல்ஸ் பக்கத்துக்குப் போய், மேலே உள்ள தலைப்பில் ரைட் கிளிக் செய்து பிளாட்ஃபார்ம் என்ற பத்தியைச் சேர்த்தால் 32 அல்லது 64 என்று காட்டும். அந்த வசதி இல்லாத பழைய விண்டோஸாக இருந்து, பட்டியலில் என்டிவிடிஎம் என்ற பெயர் தெரிந்தால், அது டாஸ் அல்லது விண்டோஸ் 3.1 காலத்து 16 பிட் சாஃப்ட்வேர். 64 பிட் விண்டோஸில் 16 பிட் சாஃப்ட்வேர் நேரடியாக ஓடவே ஓடாது, எந்த செட்டிங்கை மாற்றினாலும் பயனில்லை. 2021இல் வந்த விண்டோஸ் 11க்கு 32 பிட் பதிப்பே கிடையாது. ஆக 16 பிட் என்று தெரிந்துவிட்டால் அடுத்த நான்கு பத்திகளை விட்டுவிட்டு நேராக விர்ச்சுவல் மெஷின் (கம்ப்யூட்டருக்குள் ஒரு ஜன்னலில் ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர்) பகுதிக்குப் போய்விடுங்கள், ஒரு நாள் உழைப்பு மிச்சம்.

32 பிட் என்றால் பெரும்பாலும் நல்ல செய்திதான். முதலில் பழைய ஃபோல்டரை காப்பி செய்து ஒட்டாமல், இன்ஸ்டால் ஃபைலை வைத்து முறையாக இன்ஸ்டால் செய்யுங்கள். இடம் எங்கே என்று கேட்கும்போது புரோகிராம் ஃபைல்ஸை மாற்றி, சி டிரைவில் நேரடியாக ஒரு ஃபோல்டர் உண்டாக்கி அங்கே போடுங்கள். மேலே சொன்ன, எழுத அனுமதி கிடைக்காத பிரச்சினையில் பாதி இந்த ஒரு மாற்றத்திலேயே தீர்ந்துவிடும். அப்புறம் ஐகானில் ரைட் கிளிக், பிராப்பர்டீஸ், கம்பேட்டிபிலிட்டி. அங்கே விண்டோஸ் 7 என்று வைத்துப் பாருங்கள், ஓடாவிட்டால் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 3. புது விண்டோஸின் பதிப்பு எண்ணைப் பார்த்துவிட்டு ஓட மறுக்கும் சாஃப்ட்வேருக்கு, பழைய எண்ணைக் காட்டிச் சமாளிப்பது இதன் முக்கியமான வேலைகளில் ஒன்று.

அதே பக்கத்தில் அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டு என்று ஒரு கட்டம் இருக்கும். எல்லோரும் முதலில் டிக் செய்வது இதைத்தான், நான் கடைசியில்தான் செய்யச் சொல்வேன். அதைப் போட்டால் விர்ச்சுவல் ஸ்டோர் ஏற்பாடு நின்றுவிடும், நேற்று வரை அங்கே எழுதிய தகவல் இன்று சாஃப்ட்வேருக்குத் தெரியாது. நெட்வொர்க்கில் இணைத்து வைத்த டிரைவ்களும் பல சமயம் கண்ணில் படாது. எக்ஸ்புளோரரிலிருந்து ஃபைலை இழுத்துப் போடுவதும் வேலை செய்யாது. எழுத்துகள் மிகச் சிறியதாகவோ மங்கலாகவோ தெரிந்தால், இதே பக்கத்தில் ஹை டிபிஐ செட்டிங்ஸ் என்பதைத் திறந்து சிஸ்டம் என்ஹான்ஸ்டு என்று வைத்துப் பாருங்கள்.

இனி, டிஎல்எல் (சாஃப்ட்வேர் ஓடுவதற்குத் தேவையான துணை ஃபைல்) காணவில்லை என்று ஒரு பெயரைச் சொல்லி நின்றுபோகும் ரகம். அந்தப் பெயரை கூகுளில் தேடி, கிடைத்த ஏதோ ஒரு தளத்திலிருந்து அந்த ஒற்றை ஃபைலை மட்டும் இறக்கிப் போடுவது பெரிய தவறு. வைரஸ் வருவதற்கு அது சுலபமான வழி, அப்படியே நல்ல ஃபைலாக இருந்தாலும் அடுத்த டிஎல்எல் காணோம் என்று சொல்லும். பெயரிலேயே விடை இருக்கிறது. எம்எஸ்விசிஆர்100 என்றால் மைக்ரோசாஃப்டின் விஷுவல் சி பிளஸ் பிளஸ் 2010 ரன்டைம் (இப்படிப்பட்ட துணை ஃபைல்களின் தொகுப்பு) வேண்டும், 110 என்று முடிந்தால் 2012, 120 என்றால் 2013, 140 என்றால் 2015க்குப் பிறகு வந்த பொதுத் தொகுப்பு. எல்லாமே மைக்ரோசாஃப்ட் தளத்தில் இலவசம். உங்கள் விண்டோஸ் 64 பிட்டாக இருந்தாலும் 32 பிட் சாஃப்ட்வேருக்கு எக்ஸ்86 என்று குறித்த தொகுப்புதான் வேண்டும், சந்தேகமாக இருந்தால் அதையும் எக்ஸ்64 தொகுப்பையும் சேர்த்தே போட்டுவிடுங்கள். மைக்ரோசாஃப்டின் இன்னொரு ரன்டைமான டாட்நெட் 3.5 கேட்டால் கண்ட்ரோல் பேனலில் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலில் டிக் செய்யலாம், அது 2.0, 3.0 இரண்டுக்கும் சேர்த்தே உதவும். பட்டியலில் இல்லையென்றால் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து தனியாக எடுங்கள். பழைய கேம் டி3டிஎக்ஸ்9 என்று தொடங்கும் ஃபைலைக் கேட்டால் 2010 ஜூன் மாத டைரக்ட்எக்ஸ் தொகுப்பு. விஷுவல் பேசிக் 6இல் எழுதிய சாஃப்ட்வேர் ஓசிஎக்ஸ் (இதுவும் ஒரு துணை ஃபைல்தான்) காணவில்லை என்று சொன்னால், அந்த ஃபைலைப் பழைய மெஷினிலிருந்தே எடுத்து வந்து விண்டோஸில் ரிஜிஸ்டர் செய்ய வேண்டும். இங்கே ஒரு குழப்பம் உண்டு: 64 பிட் விண்டோஸில் சிஸ்டம்32 ஃபோல்டரில் இருப்பவை 64 பிட் ஃபைல்கள், சிஸ்வாவ்64 ஃபோல்டரில் இருப்பவைதான் 32 பிட். பெயரை நம்பி மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

ஸ்கேனர், பிரிண்டர், யூஎஸ்பி டாங்கிள் (சில சாஃப்ட்வேர்கள் லைசென்ஸுக்காகக் கேட்கும் செருகு சாவி) இவற்றை விண்டோஸோடு பேசவைக்கும் டிரைவர் விஷயத்தில் கம்பேட்டிபிலிட்டி மோடு உதவாது. 64 பிட் விண்டோஸுக்கு 64 பிட் டிரைவர்தான் வேண்டும், தயாரித்தவர் தரவில்லை என்றால் வேறு வழி தேட வேண்டியதுதான். பழைய கேம் சிடிகளில் காப்பி எடுப்பதைத் தடுக்க இருந்த சேஃப்டிஸ்க் பாதுகாப்பும் இப்படித்தான், அதன் டிரைவரை விண்டோஸ் 10 ஏற்பதில்லை. புது லேப்டாப்பில் வழக்கமான இன்டெல், ஏஎம்டி சிப்புக்குப் பதில் ஏஆர்எம் சிப் இருந்தால் வாங்குவதற்கு முன்பே இதை யோசியுங்கள்: சாதாரண சாஃப்ட்வேர்களை எமுலேட் செய்து (பழைய சிப்பைப் போல நடித்து) ஓட்டிவிடும், டிரைவர்களை ஓட்டாது. மேக் வைத்திருப்பவர்களுக்கு 2019இல் வந்த கேட்டலினா என்ற மேக்ஓஎஸ் பதிப்பிலிருந்து 32 பிட் ஆப்கள் அடியோடு நின்றுவிட்டன.

மேலே எதுவும் நடக்கவில்லை, அல்லது 16 பிட் சாஃப்ட்வேர். அப்போது பழைய கம்ப்யூட்டரையே புதியதற்குள் குடியேற்றலாம். மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்கை அப்படியே ஒரு விர்ச்சுவல் டிஸ்க் ஃபைலாக மாற்றும் கருவி இருக்கிறது, அதை விர்ச்சுவல் மெஷின் ஓட்டும் சாஃப்ட்வேர்களான விர்ச்சுவல்பாக்ஸிலோ ஹைப்பர்-வியிலோ திறந்தால் உங்கள் பழைய டெஸ்க்டாப் ஒரு ஜன்னலுக்குள் வந்து நிற்கும். மெஷினோடு சேர்ந்து வந்த விண்டோஸ் என்றால் மறுபடி ஆக்டிவேஷன் கேட்கலாம், அதற்கான லைசென்ஸ் உங்களிடம் இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன், உள்ளே ஓடுவது எக்ஸ்பி என்றால் அதன் நெட்வொர்க்கைத் துண்டித்துவிடுங்கள். 2014 ஏப்ரலோடு அதற்கு வந்துகொண்டிருந்த பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. டாஸ் சாஃப்ட்வேருக்கு இவ்வளவு தேவையில்லை, டாஸைப் போல நடிக்கும் டாஸ்பாக்ஸ் என்ற சாஃப்ட்வேர் போதும். ஆனால் அது கேமுக்காக எழுதப்பட்டது. பில் பிரிண்ட் எடுக்க வேண்டுமென்றால் டாஸ்பாக்ஸ்-எக்ஸ் பாருங்கள்.

விர்ச்சுவல் மெஷினில் ஓடினாலும் அதை நிரந்தரம் என்று வைத்துக்கொள்ளாமல், தகவலை வெளியே எடுக்கும் வேலையைத் தொடங்கிவிடுங்கள். எக்ஸ்போர்ட் வசதி இருந்தால் எக்செல் போன்றவற்றில் திறக்கும் சிஎஸ்வியாக எடுங்கள், இல்லையென்றால் ரிப்போர்ட்டுகளையாவது பிடிஎஃப் ஆக்குங்கள். வேர்டுபெர்ஃபெக்ட், மைக்ரோசாஃப்ட் வொர்க்ஸ், லோட்டஸ் 1-2-3, டிபேஸ் ஃபைல்களில் பலவற்றை லிப்ரே ஆபீஸ் திறந்துவிடும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த தமிழ் ஃபைல்கள் புது மெஷினில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரியும், பயப்பட வேண்டாம், எதுவும் அழியவில்லை. அந்த எழுத்துருவை மட்டும் பழைய மெஷினின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து எடுத்துவந்து போட்டால் தமிழ் திரும்பிவிடும், பிறகு நிதானமாக யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

கடைசியாக, இரண்டு மெஷினையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே மாதத்து ரிப்போர்ட்டை இரண்டிலும் திறங்கள். கடைசிப் பதிவின் தேதியையும் மொத்தத் தொகையையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்துப்போனால் பழையதை ஃபார்மேட் செய்யலாம்.