கொம்பை இடம் மாற்றாதீர்கள்: வரைகலை லைப்ரரிக்கு நிரல் எழுத வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் பையன்கள் இரண்டு பேர் எங்கள் லைப்ரரிக்கு ஒரு பேட்ச், அதாவது நிரல் திருத்தம், அனுப்பியிருந்தார்கள். கல்லூரியில் இரண்டாம் வருடம். ஒருவன் என்னை அண்ணா என்பான், இன்னொருவன் ஏட்டா என்பான். தமிழ்நாடு-கேரள எல்லையில் இரண்டும் ஒன்றுதான். பேட்சைத் திறந்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. எட்டு வருடத்துக்கு முன்பு நான் எழுதி, பிறகு தலையில் அடித்துக்கொண்டு தூக்கிய அதே ஃபங்ஷன். பெயர் மட்டும் வேறு.

லைப்ரரி ஒன்றும் பெரிதில்லை. திரையில் கோடு, வட்டம், படம், எழுத்து வரையத் தரும் சின்ன இருபரிமாண வரைகலை லைப்ரரி, சி மொழியில் எழுதியது. வெவ்வேறு நாடுகளில் இருக்கும் பத்துப் பேர், சம்பள வேலை போக மிச்சமிருக்கும் நேரத்தில் பார்த்துக்கொள்கிறோம். நான் வேலந்தாவளத்தில், செக்போஸ்ட்டுக்குக் கேரளப் பக்கம், தென்னந்தோப்புக்கு நடுவே உட்கார்ந்து பார்க்கிறேன். கேரளப் பள்ளி கம்ப்யூட்டர் லேப்களில் லினக்ஸ் ஓடுவதால் எங்கள் பிள்ளைகளுக்கு டெர்மினலைக் கண்டு பயம் கிடையாது. வேகமாக வருகிறார்கள், வேகமாக அதே குழியில் விழுகிறார்கள்.

செமிகோலன் விடுவது, மெமரியை விடுவிக்க மறப்பது மாதிரியானவற்றைக் கம்பைலரும், நினைவகத் தவறுகளைப் பிடிக்கும் வால்கிரைண்டும் திட்டியே கற்றுக்கொடுத்துவிடும். அவை இங்கே வேண்டாம்.

படம் தலைகீழாக வருகிறது என்று பக் எழுதுவது

திரையில் வரைய நாங்கள் பயன்படுத்தும் ஓப்பன்ஜிஎல்லில் ஒய் அச்சு கீழிருந்து மேலே போகும். பெரும்பாலான படக் கோப்புகளில் முதல் வரி மேல்வரி. அதனால்தான் புரண்டு தெரிகிறது, அது பக் இல்லை. அவ்வளவுதான்.

எழுத்தைச் சுற்றிக் கறுப்பு விளிம்பு

ஒளிபுகும் பின்னணி கொண்ட படத்தைப் பெரிதாக்கி வரைந்தால் ஓரத்தில் மெல்லிய கறுப்புக் கோடு தெரியும். காரணம், முழுதும் ஒளிபுகும் பிக்சல்களுக்கும் ஒரு நிறம் உண்டு. நம் கண்ணுக்குத் தெரியாத அந்த நிறம் பெரும்பாலும் கறுப்பு. பக்கத்துப் பிக்சல்களைச் சேர்த்துச் சராசரி எடுக்கும்போது அது உள்ளே கசிந்துவிடுகிறது. புதிதாக வருபவர்கள் ஷேடரில், அதாவது பிக்சலின் நிறத்தைத் தீர்மானிக்கும் குட்டி நிரலில், ஆல்ஃபா (ஒளிபுகாமை அளவு) 0.5-க்குக் கீழே இருப்பதை வெட்டி எறிந்துவிட்டு, சரியாகிவிட்டது என்பார்கள். விளிம்பு போகும், கூடவே எழுத்தின் வளைவும் ரம்பம் மாதிரி ஆகிவிடும்.

நிறத்தை ஆல்ஃபாவால் முன்கூட்டியே பெருக்கி வைத்துக்கொண்டு, கலக்கும்போது மறுபடி பெருக்காமல் விடுவதுதான் வழி. படங்களைக் கலப்பது பற்றிப் போர்ட்டரும் டஃபும் 1984-இல் எழுதிய கட்டுரையிலேயே இது இருக்கிறது. புதிதாகக் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை.

திரையில் சரியாகத் தெரிவதற்காகச் சொல்லையே மாற்றி எழுதுவது

இதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். இன்றைக்கும் நினைத்தால் எரிச்சல் வரும், என் மேலேயே.

எங்கள் பக்கத்தில் பால்தான் பிழைப்பு. ஊர்ப் பால் சங்கத்தில் ஒரு திரை வைக்கலாம் என்றார்கள்: பால் ஊற்றியதும் உறுப்பினர் பெயர், எத்தனை லிட்டர், கொழுப்பு எவ்வளவு என்று தெரிய வேண்டும். பாதிப் பேருக்குத் தமிழில், மீதிப் பேருக்கு மலையாளத்தில். ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டர் ஒன்று, ஒரு பழைய டிவி, எங்கள் லைப்ரரி. ஒரு ராத்திரி வேலை என்று நினைத்தேன்.

முதல் நாளே செல்வியின் ச-வில் இருக்க வேண்டிய கொம்பு ல-வுக்கு முன்னால் போய் நின்றது. எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் யூனிகோடில் எழுத்துகள் உச்சரிக்கும் வரிசையில் சேமிக்கப்படுகின்றன: முதலில் ச, அப்புறம் ஒற்றைக்கொம்பு, அப்புறம் ல. கண்ணுக்குக் கொம்பு முன்னால் தெரிய வேண்டும், ஆனால் நினைவகத்தில் அது பின்னால் இருக்கும். எங்கள் லைப்ரரியோ ஆங்கிலத்துக்கு வரைவது போல ஒவ்வொரு குறியாக எடுத்து இடமிருந்து வலமாக அடுக்கிவிட்டது. “மாட்டுக்கே கொம்பு மாறிப்போச்சே தம்பி” என்று ஒரு பெரியவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சரி, கொம்பு பின்னால் இருக்கிறது, முன்னால் எடுத்து வைத்தால் போயிற்று. இருபது வரியில் ஒரு ஃபங்ஷன். தமிழ் தட்டச்சு மெஷினில் கொம்பைத்தான் முதலில் அடிப்போம். யூனிகோடு பரவுவதற்கு முன் இணையத்தில் புழங்கிய டிஸ்கி குறியாக்கமும் எழுதும் வரிசையிலேயே சேமித்தது. அதனால் நம் ஆட்களுக்கு இந்த யோசனை ரொம்ப இயல்பாக வந்துவிடுகிறது. அதுதான் ஆபத்தே.

ஃபங்ஷனை வரையும் இடத்தில் போட்டேன், அதுவும் மூலச் சொல்லையே அங்கேயே திருத்தும்படி. கான்ஸ்ட், அதாவது மாற்றக் கூடாதது என்று கம்பைலர் எச்சரித்ததை, வகையை மாற்றிச் சொல்லும் காஸ்ட் போட்டு வாயடைத்தேன். கலை என்ற பெயர் திரைக்கு வந்தது. முதல் ஃப்ரேமில், அதாவது திரையை முதல் தடவை வரைந்தபோது, கொம்பு ல-வுக்கு முன்னால் போனது, சரி. இரண்டாவது ஃப்ரேமில் அதே சொல் மறுபடி ஃபங்ஷனுக்குள் போக, கொம்பு இப்போது க-வுக்குப் பின்னால் இருப்பதால் அதையும் தாண்டி முன்னால் போனது. நொடிக்கு 60 ஃப்ரேம். கண் இமைப்பதற்குள் எல்லாக் கொம்பும் சொல்லின் தலைமாட்டில் போய்ச் சேர்ந்தன.

அங்கேயாவது நின்று யோசித்திருக்கலாம். நான் என்ன செய்தேன்? ஒவ்வொரு ஃப்ரேமிலும் மாற்றுவதால்தானே தொல்லை, பெயரைப் பதியும்போது ஒரே தடவை மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தேன். மாற்றிய சொல் டேட்டாபேஸுக்குள் போனது. திரை கண்ணாடி மாதிரி ஆனது. எல்லோரும் பாராட்டினார்கள்.

இரண்டு வாரம் கழித்துச் சங்கத்தில் கணக்கெழுதும் பெண் கூப்பிட்டார். செல்வி என்று தேடினால் வரவில்லை. வரவில்லை என்பதால் அவர் புதிதாக இன்னொரு செல்வியைப் பதிந்திருந்தார். காலைப் பால் ஒரு கணக்கில், சாயங்காலப் பால் இன்னொரு கணக்கில். பட்டுவாடா நாளில் சண்டை. கொம்பு வைத்த பெயர்களுக்கு எல்லாம் இதே கதை: வேலுச்சாமி, பொன்னம்மாள், கோமதி. பட்டியலை எக்செல்லில் திறந்தால் பெயரின் முதல் எழுத்தில் புள்ளி வட்டம்.

அவசரத்தில் பதிவு செய்யும் இடத்தில் இருந்த மாற்றத்தை எடுத்தேன். இப்போது புதிய பெயர்கள் ஒழுங்காக, பழையவை புரண்டு, இரண்டும் கலந்து கிடந்தன. திருப்பி மாற்ற ஒரு நிரல் எழுதலாமே என்று கேட்பீர்கள். முடியாது. ம, ஐகாரக் கொம்பு, ல என்று மூன்று குறிகள் வரிசையாக இருக்கின்றன. ஒழுங்கான வரிசை என்றால் அது ‘மைல’. புரட்டிய வரிசை என்றால் ‘மலை’. எது என்று மெஷினுக்குத் தெரிய வழியே இல்லை, ஊர்க்காரருக்குத்தான் தெரியும். இரண்டு ஞாயிற்றுக்கிழமை பதிவேட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராக நானே திருத்தினேன். டீ வாங்கிக் கொடுத்தார்கள், அது வேறு கதை.

இதற்குள் இன்னொரு காரியமும் செய்திருந்தேன். அந்த ஃபங்ஷனைத் ‘தமிழ் ஆதரவு’ என்று பெயர் சூட்டி லைப்ரரிக்கே அனுப்பியிருந்தேன். குழுவில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான், சரியாகத்தான் இருக்கும் என்று மெர்ஜ் செய்துவிட்டார்கள். பிறகு, எழுத்து வடிவங்களை முறைப்படி அடுக்கித் தரும் ஹார்ஃபஸ் என்ற லைப்ரரிக்கு ஆதரவு வந்தபோது, அந்த ஃபங்ஷனை நம்பியிருந்தவர்களின் திரையில் மலை என்பது மைல என்று வந்தது. நான் ஒரு முறை மாற்ற, ஹார்ஃபஸ் ஒரு முறை மாற்ற.

அந்தச் சமயம் குழுவில் ஒருவர் ஒரே வரியில் கேட்டார்: பயனரின் சொல்லை நீங்கள் எதற்குத் தொடுகிறீர்கள்? பதில் இல்லை.

சொல் கடைசி வரை தொடப்படாமல் இருக்க வேண்டும். வரையும் நேரத்தில் அதை ஹார்ஃபஸிடம் கொடுத்தால், எழுத்துருவின் விதிகளைப் படித்து, எந்த வடிவம் எந்த இடத்தில் என்று திருப்பித் தரும். ஆண்ட்ராய்டு, குரோம், ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரெஆபீஸ் எல்லாவற்றிலும் எழுத்தை அடுக்குவது இதுதான். வடிவத்தைப் படமாக்குவது ஃப்ரீடைப்பின் வேலை, ஃப்ரீடைப் அடுக்காது. அதே வேலையைச் செய்யும் சின்ன லைப்ரரியான எஸ்டிபி ட்ரூடைப்பும் அடுக்காது. இந்த மூன்றையும் குழப்பிக்கொண்டு ‘ஃபான்ட் லைப்ரரி போட்டாச்சே, தமிழ் ஏன் வரவில்லை’ என்று கேட்பவர்கள்தான் அதிகம்.

இருபது வரி ஃபங்ஷன் ஏன் ஒருநாளும் போதாது என்றால், மலையாளத்தைப் பாருங்கள். க்ர என்று எழுதும்போது புதிய லிபி எழுத்துருவில் ர-வின் குறி க-வுக்கு இடப்பக்கம் வந்து நிற்கும். பழைய லிபி எழுத்துருவில் இரண்டும் ஒரே கூட்டெழுத்தாகிவிடும். சேமித்திருக்கும் சொல் ஒன்றேதான், தீர்மானிப்பது எழுத்துரு. சங்கத்துத் திரையில் மலையாளப் பெயர்களுக்கு இப்போது மஞ்சரி எழுத்துரு போட்டிருக்கிறோம். சொல்லை மட்டும் பார்க்கும் ஃபங்ஷனுக்கு அது எப்படித் தெரியும்?

அட்லஸில் குறியெண்ணைச் சாவியாக வைப்பது

மேலே சொன்னதன் தம்பி. எழுத்துப் படங்களை ஒரே டெக்ஸ்சரில், அதாவது அட்லஸ் என்னும் ஒரே பெரிய படத்தில், சேர்த்து வைக்கும்போது யூனிகோடு எண்ணை வைத்துத் தேடுவார்கள். கு, டூ போன்ற வடிவங்களுக்குத் தனி எண் கிடையாது. எழுத்துருவின் வடிவ எண்ணை வைத்துத் தேடுங்கள்.

எழுத்தை எண்ணுவது

கொழிஞ்சாம்பாறை: நமக்கு 7 எழுத்து, யூனிகோடுக்கு 14 குறி, அதைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 42 பைட். பெயருக்கு 32 பைட் ஒதுக்கிவிட்டு, வெள்ளைக்காரன் ஊர்ப் பெயரெல்லாம் அடங்கியதே என்று நினைத்த ஆளை எனக்குத் தெரியும். அவனும் நான்தான்.

கொ என்பதை க-வும் ஒரு குறியுமாகவும் எழுதலாம், க, கொம்பு, கால் என்று மூன்றாகவும் எழுதலாம். பார்க்க ஒன்று, ஒப்பிட்டால் வேறு. ஒப்பிடுவதற்கு முன் யூனிகோடு சொல்லும் முறையில் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள்.

தமிழையும் மலையாளத்தையும் ஒரே பஃபரில் திணிப்பது

எந்த லிபி என்று ஹார்ஃபஸையே யூகிக்கச் சொன்னால், பஃபரில், அதாவது நாம் கொடுத்த சொல்தொடரில், முதலில் பார்க்கும் லிபியையே மொத்தத்துக்கும் எடுத்துக்கொள்ளும். லிபி மாறும் இடத்தில் வெட்டிக் கொடுங்கள். எல்லைப் பக்கப் பலகைகளில் இது தினமும் வரும்.

மூன்று மாத வேலையை ஒரே புல் ரிக்வெஸ்டில் கொட்டுவது

புல் ரிக்வெஸ்ட் என்பது என் மாற்றங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பும் கோரிக்கை. அவ்வளவு பெரிதாக இருந்தால் யாரும் படிக்க மாட்டார்கள். நானும்தான்.

வேறு லைப்ரரியிலிருந்து வெட்டி ஒட்டுவது

எங்கள் லைப்ரரி ஸீலிப் என்ற தாராளமான உரிமத்தில் இருக்கிறது. சேர்த்து வெளியிடுவதையும் அதே உரிமத்தில் தரச் சொல்லும் ஜிபிஎல் நிரலை அதில் ஒட்டி அப்படியே ஸீலிப் என்று வெளியிட முடியாது. ‘எல்லாம் ஓப்பன் சோர்ஸ்தானே அண்ணா’ என்ற வாக்கியத்தைக் கேட்டாலே எனக்குப் பித்தம் ஏறுகிறது.

பதில் வரவில்லை என்று கோபித்துக்கொள்வது

உங்கள் பேட்சைப் பார்க்க வேண்டியவர் ஒரு நாட்டில் தூங்கிக்கொண்டிருப்பார், இன்னொருவர் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருப்பார். ஒரு வாரம் பொறுத்து ஒரு தடவை நினைவூட்டுங்கள். தினமும் வேண்டாம்.

பையன்கள் இரண்டு பேரையும் கடைக்கு வரச்சொல்லி இதையெல்லாம் சொன்னேன். ஏட்டா என்பவன் கேட்டான்: அப்போ எங்கள் ஃபங்ஷனைத் தூக்க வேண்டியதுதானா? தூக்கு, ஆனால் சோதனைக் கோப்பை வைத்துக்கொள் என்றேன். அதில் அவர்கள் போட்டிருந்தவை எல்லாம் நம் செக்போஸ்ட் ஊர்கள்: வேலந்தாவளம், கோபாலபுரம், கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம், வாளையார். இரட்டைக்கொம்பு, கால், ஐகாரம் எல்லாம் தானாகவே வந்துவிட்டன. கொழிஞ்சாம்பாறையை மட்டும் விட்டிருந்தார்கள். சொந்த ஊர் என்பதால் மறந்துபோச்சாம். அதை நான் சேர்த்தேன்.