எம்.பி.யின் ஒரு வாரம்: எதைக் கவனிப்பது, எப்போது போய்ப் பார்ப்பது, மனுவில் என்ன கேட்பது

எம்.பி.யைப் பற்றிப் பேச்சு வந்தாலே தெருவில் இரண்டு கேள்விதான் கேட்கிறோம். ஊர்ப்பக்கம் வருகிறாரா? கேட்டதைச் செய்து கொடுத்தாரா? இரண்டும் நியாயமான கேள்விகள்தான். ஆனால் அவர் டெல்லியில் செய்யும் வேலையையும் தொகுதியில் நாம் கொடுக்கும் மனுவையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்தால் அந்த மனுவுக்கே வேறு பலம் வந்துவிடும். அதை எப்படிச் செய்வது என்பதைத்தான் எழுதுகிறேன். எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்காக மனு எழுதி எழுதிப் பழகியதில் தெரிந்துகொண்டது இது. எம்.எல்.ஏ. விஷயத்திலும் பெரும்பகுதி இப்படித்தான், டெல்லிக்குப் பதிலாகச் சென்னை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அவருடைய வாரம். நாடாளுமன்றம் வருஷம் முழுக்க நடப்பதில்லை. பட்ஜெட், மழைக்காலம், குளிர்காலம் என்று மூன்று கூட்டத்தொடர்கள். அந்த நாட்களில் திங்கள் முதல் வெள்ளி வரை டெல்லி, சனி ஞாயிறு தொகுதி என்பதுதான் பெரும்பாலான எம்.பி.க்களின் ஓட்டம். மக்களவை காலை 11 மணிக்குக் கூடும், முதல் ஒரு மணி நேரம் கேள்வி நேரம், 12 மணிக்குப் பூஜ்ய நேரம் (அவசரப் பிரச்சினைகளை உறுப்பினர்கள் எழுப்பும் நேரம்), சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு மசோதாக்கள். வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டரை மணி நேரம் தனிநபர் மசோதாக்களுக்கும் தீர்மானங்களுக்கும் (அமைச்சர் அல்லாத உறுப்பினர்கள் கொண்டுவருபவை) என்று ஒதுக்கியிருப்பார்கள். மாநிலங்களவையில் வரிசை மாறும்: 11 மணிக்குப் பூஜ்ய நேரம், 12 மணிக்குக் கேள்வி நேரம். இதெல்லாம் சன்சத் டிவியில் நேரலையாகவே வருகிறது. முழு நாளும் உட்கார்ந்து பார்க்க வேண்டியதில்லை, உங்கள் எம்.பி. பெயர் எந்தப் பட்டியலில் இருக்கிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். நாடாளுமன்றத்தின் இணையதளமான சன்சத் டாட் இன் பக்கத்தில் அன்றைய அலுவல் பட்டியல், கேள்விகள், பதில்கள் எல்லாம் இருக்கும்.

இப்போது வாக்கெடுப்பு. இங்கேதான் நிறையப் பேர் ஏமாந்து போகிறார்கள். "அந்த மசோதாவுக்கு நம்ம எம்.பி. ஓட்டுப் போட்டாரா இல்லையா?" என்று தேடினால் பெரும்பாலும் பதிலே கிடைக்காது, ஏனென்றால் பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறுகின்றன. ஆதரிப்போர் 'ஆம்' என்கிறார்கள், எதிர்ப்போர் 'இல்லை' என்கிறார்கள், அவைத்தலைவர் எந்தப் பக்கம் குரல் ஓங்கியது என்று அறிவிக்கிறார், அவ்வளவுதான். யார் எந்தப் பக்கம் என்று பெயர் பதிவாகாது. உறுப்பினர் யாராவது எழுந்து ஆட்சேபித்து 'டிவிஷன்' கேட்டு, அது ஏற்கப்பட்டால்தான் மணி அடிக்கும். மக்களவையில் மூன்றரை நிமிஷம் அடிக்கும், அதற்குள் வெளியே இருப்பவர்கள் ஓடி வந்துவிட வேண்டும், அப்புறம் கதவைச் சாத்திவிட்டு வாக்கை எண்ணுவார்கள். அப்போது பதிவாகும் பெயர்கள் அவை நடவடிக்கைக் குறிப்பில் அச்சாகும். அரசியல் சட்டத் திருத்தம் என்றால் சிறப்புப் பெரும்பான்மை வேண்டும், அதனால் எண்ணியே ஆக வேண்டும். 2023 செப்டம்பரில் மகளிர் இடஒதுக்கீட்டு மசோதா மக்களவையில் 454-க்கு 2 என்று நிறைவேறியது நினைவிருக்கும், அந்த 2 பேர் யார் என்பது நாட்டுக்கே தெரிந்தது இந்த முறையால்தான்.

சரி, பெயர் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அதை வைத்து அந்த மனிதரை எடை போட முடியுமா? பாதிதான் முடியும். 1985-இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டப்படி, கொறடா உத்தரவை (எப்படி ஓட்டுப் போட வேண்டும் என்று கட்சி தரும் கட்டளையை) மீறி ஓட்டுப் போட்டாலும் சரி, போடாமல் ஒதுங்கினாலும் சரி, பதவியே போகலாம். கட்சி 15 நாளுக்குள் மன்னித்தால்தான் தப்பிக்கலாம். ஆகவே கொறடா உத்தரவு இருக்கும்போது விழுகிற வாக்கு பெரும்பாலும் கட்சியின் வாக்கு. அதற்காக அதைக் கேட்காமல் விட்டுவிடாதீர்கள். 1999 ஏப்ரல் 17-ஆம் தேதி வாஜ்பாய் அரசு 269-க்கு 270 என்று ஒரே ஒரு ஓட்டில் கவிழ்ந்தது, அப்படிப்பட்ட அவையில் ஒரு இருக்கை காலியாக இருப்பதுகூட ஒரு முடிவுதான். எதிர்த்தாரா ஆதரித்தாரா என்பதோடு, அன்றைக்கு அவையில் இருந்தாரா என்றும் கேளுங்கள். 'உங்கள் கட்சி ஏன் இந்த முடிவை எடுத்தது, அந்த முடிவுக்கு முன்னால் கட்சிக் கூட்டத்தில் நீங்கள் என்ன சொன்னீர்கள்' என்று நேருக்கு நேர் கேட்க ஒவ்வொரு வாக்காளருக்கும் உரிமை உண்டு.

ஆனால் கேள்வி கேட்பதற்குக் கொறடா கிடையாது. நான் அழுத்திச் சொல்ல வருவது இதைத்தான். எந்த அமைச்சகத்திடம் எந்த ஊரைப் பற்றிக் கேட்பது என்பது உறுப்பினரின் சொந்த முடிவு. மக்களவை விதி 377-இன் கீழ் தொகுதிப் பிரச்சினை ஒன்றைப் பதிவு செய்வதும், நிலைக்குழுவில் (அமைச்சகங்களின் வேலையைப் பரிசீலிக்கும் எம்.பி.க்கள் குழுவில்) அதிகாரிகளை உட்கார வைத்து விசாரிப்பதும் அப்படித்தான். உங்கள் எம்.பி. உழைக்கிறவரா என்று தெரிய வேண்டுமென்றால் வருகைப் பதிவு சதவீதத்தைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். அன்றைக்கு வருகையைப் பதிவு செய்தார் என்று மட்டும்தான் அது சொல்லும், எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தார் என்று சொல்லாது. பி.ஆர்.எஸ். என்ற ஆய்வு அமைப்பின் தளத்தில் ஒவ்வொரு எம்.பி.யும் கேட்ட கேள்விகளின் பட்டியல் இருக்கிறது. எண்ணிக்கையை விட்டுவிட்டு கேள்விகளைப் படித்துப் பாருங்கள், அவற்றில் உங்கள் மாவட்டத்தின் பெயர் வருகிறதா என்று பாருங்கள். அரை மணி நேரத்தில் ஆள் யார் என்று புரிந்துவிடும்.

கேள்வியில் இரண்டு வகை. நட்சத்திரக் குறியிட்டது என்றால் அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டும், துணைக் கேள்வியும் கேட்கலாம். ஒரு நாளைக்கு 20 மட்டுமே, அதுவும் குலுக்கலில் வர வேண்டும், வந்தாலும் ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிவதில்லை. நட்சத்திரம் இல்லாத கேள்விக்கு எழுத்தில் பதில் வரும், மக்களவையில் நாளொன்றுக்கு 230 வரை. சாதாரணக் குடிமகனுக்கு இந்த இரண்டாவது வகைதான் தங்கம். டிவியில் வராது, ஆனால் அமைச்சர் பெயரில் தேதி போட்ட பதில் ஒன்று கையில் கிடைக்கும், அதில் தவறான தகவல் இருந்தால் அவையிலேயே திருத்த வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு உண்டு. பூஜ்ய நேரத்தில் பேசுவது செய்திகளில் நன்றாக வரும், ஆனால் அங்கேயே பதில் சொல்லும் கட்டாயம் அமைச்சருக்கு இல்லை.

இப்போது காலக்கணக்கு. கேள்விக்கு முழுதாக 15 நாள் முன்னதாக நோட்டீஸ் கொடுக்க வேண்டும், ஒவ்வொரு அமைச்சகத்துக்கும் வாரத்தில் ஒரு நாள்தான் பதில் சொல்லும் முறை. கூட்டத்தொடர் தொடங்கிய பிறகு மனுவோடு போனால் பாதி வாய்ப்பு போய்விடும். கூட்டத்தொடர் தேதி அறிவிப்பு வந்த அந்த வாரமே போங்கள். அப்போது அவர் ஊரில்தான் இருப்பார், என்ன கேள்வி போடலாம் என்று அவருடைய ஆட்களும் தேடிக்கொண்டிருப்பார்கள்.

போவதற்கு முன் ஒன்றைச் சரிபாருங்கள். தெருவிளக்கு, சாக்கடை, குப்பை என்றால் கவுன்சிலரிடமோ ஊராட்சித் தலைவரிடமோதான் போக வேண்டும். ரேஷன் கடை, அரசுப் பேருந்து, அரசுப் பள்ளி, மாநில நெடுஞ்சாலை எம்.எல்.ஏ.வுக்கு. ரயில், தேசிய நெடுஞ்சாலை, தபால், பாஸ்போர்ட், வருங்கால வைப்பு நிதி, தேசிய வங்கிகள் எம்.பி.க்கு. தமிழ்நாட்டில் ஒரு மக்களவைத் தொகுதிக்குள் 6 சட்டமன்றத் தொகுதிகள் இருக்கின்றன, அவ்வளவு பெரிய பரப்பில் ஒரு தெருக்குழாய்க்காக எம்.பி.யைத் தேடினால் இரண்டு பேர் நேரமும் வீண். உங்கள் மக்களவை உறுப்பினர் அமைச்சராக இருந்தால் அவர் அவையில் கேள்வி கேட்க முடியாது. அப்போது மாநிலங்களவைக்குப் போங்கள், தமிழ்நாட்டுக்கு அங்கே 18 பேர் உண்டு, அவர்களில் யாரிடமும் மனு கொடுக்கலாம்.

மனு ஒரே பக்கம், ஒரே பிரச்சினை. 'மதிப்பும் மாண்பும் மிக்க' என்று பாதிப் பக்கத்தைத் தீர்க்காதீர்கள். ஊர், இடம், எத்தனை வருஷமாக, யாருக்குப் பாதிப்பு, இதற்கு முன் யாரிடம் எந்தத் தேதியில் மனு கொடுத்தீர்கள் என்பது முதல் ஐந்து வரியில் வந்துவிட வேண்டும். ரயில்வே சுரங்கப்பாதையில் மழைக்கு மழை தண்ணீர் தேங்குகிறது என்றால் அந்தப் பாதையின் எண், எந்த இரண்டு நிலையங்களுக்கு நடுவில், தண்ணீர் வெளியேற்றும் பொறுப்பு ரயில்வேக்கா உள்ளாட்சிக்கா என்பதையும் எழுதுங்கள். ஒரு போட்டோவும் வையுங்கள்.

கூடவே இன்னொரு தாள். இதைத்தான் யாரும் செய்வதில்லை. எம்.பி. கேட்க வேண்டிய கேள்வியை நீங்களே வரைந்து கொடுங்கள். 150 வார்த்தைக்குள் இருக்க வேண்டும், அமைச்சரின் கருத்தைக் கேட்கக் கூடாது, மத்திய அரசின் பொறுப்பில் உள்ளதாக இருக்க வேண்டும், நீதிமன்றத்தில் இருக்கும் விஷயமாக இருக்கக் கூடாது. மேலே சொன்ன சுரங்கப்பாதைக்கு இப்படி: (அ) குறிப்பிட்ட சுரங்கப்பாதையில் நீர் தேங்குவது குறித்துக் கடந்த மூன்று ஆண்டுகளில் ரயில்வேக்கு வந்த புகார்கள் எத்தனை, (ஆ) வடிகால் பணிக்கு மதிப்பீடு தயாரிக்கப்பட்டதா, தொகை எவ்வளவு, (இ) ஒப்புதல் கிடைத்த தேதியும் பணி முடியும் தேதியும் என்ன. 'எப்போது விடிவு காலம்' என்று கேட்டால் 'நடவடிக்கை பரிசீலனையில் உள்ளது' என்று வரும். தேதியும் தொகையும் கேட்டால் தேதியும் தொகையும் எழுத வேண்டியிருக்கும், இல்லை என்றால் 'இல்லை' என்று எழுத வேண்டியிருக்கும். அந்த 'இல்லை'யும் நமக்குப் பயன்படும்.

தொகுதி அலுவலகத்துக்குச் சனிக்கிழமை காலையிலேயே போங்கள், ஞாயிறு என்றால் கல்யாணம், காதுகுத்து, திறப்பு விழா என்று அவர் ஓட்டத்திலேயே இருப்பார். மூன்று பேர் போனால் போதும், முப்பது பேர் வேண்டாம். யார் பேசுவது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பேச ஐந்து நிமிஷம் கிடைத்தால் நல்ல நாள். அவரைப் பார்க்க முடியாமல் பி.ஏ.விடம் கொடுக்க நேர்ந்தாலும் மனம் தளர வேண்டாம். கடிதம் தட்டச்சு செய்வதும் கேள்வி நோட்டீஸ் தயார் செய்வதும் பல அலுவலகங்களில் அவர்தான், அவர் பெயரையும் எண்ணையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் நகலில் தேதியும் சீலும் போட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள்.

தொகுதி மேம்பாட்டு நிதி பற்றி ஒரு வார்த்தை. எம்.பி.க்கு வருஷத்துக்கு 5 கோடி ரூபாய். அவர் பரிந்துரைதான் செய்வார், அனுமதி கொடுத்து வேலையை நடத்துவது மாவட்ட நிர்வாகம். பொதுப் பயன்பாட்டுக்கான நிலையான கட்டமைப்புக்குத்தான் கிடைக்கும். கேட்பதானால் இடம் யாருடையது என்பதற்கான ஆவணத்தோடு கேளுங்கள், நிலத் தகராறிலேயே நல்ல திட்டங்கள் பல நின்றுபோகின்றன.

அப்புறம் தொடர்வது. அவர் அமைச்சருக்கோ ரயில்வே மேலாளருக்கோ கடிதம் எழுதினால் அதன் நகலைக் கேளுங்கள். கடித எண்ணும் தேதியும் கிடைத்துவிட்டால் சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு, 'இந்தக் கடிதத்தின் மீது எடுத்த நடவடிக்கை என்ன, கோப்பின் நகல் வேண்டும்' என்று மனுப் போடலாம், 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். நாடாளுமன்றப் பதில் வந்துவிட்டால் அதைப் பிரதி எடுத்து, அமைச்சர் சொன்ன தேதிக்கு மேல் பேனாவால் வட்டம் போட்டு, வேலை நடக்க வேண்டிய அலுவலகத்தில் ஒன்று, எம்.பி. அலுவலகத்தில் ஒன்று, கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்தில் ஒன்று கொடுத்து ரசீது வாங்குங்கள். அந்தத் தேதி தாண்டியும் வேலை தொடங்கவில்லை என்றால் அடுத்த கூட்டத்தொடருக்கான கேள்வி தயாராகிவிட்டது, அதையும் நீங்களே எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள்.