கிறிஸ்துமஸை 25க்குப் பின்னால் தள்ளினேன்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். டிசம்பர் வந்தாலே எனக்குச் சந்தோஷத்துக்குப் பதில் எரிச்சல்தான். செம்பனை எண்ணெய் ஆலையில் ஷிப்ட் முடிந்ததும் வீடு வீடாகக் கேரல் பாடப் போக வேண்டும், திரும்பி வந்து முறுக்கு சுட வேண்டும். ஆராதனையில் கண் சொக்கும். படுத்தால் தூக்கம் வராது.

பலகாரத்தைக் கடையில் வாங்கிப் பார்த்தேன். மிச்சமான நேரத்தை வேறு வேலை தின்றது. கேரலுக்குப் போகாத வருடம் போனைத் தடவியதுதான் மிச்சம். விடியற்காலையில் எழுந்து வேதம் வாசித்தேன். ஆலையில் தூங்கி வழிந்தேன்.

வழி கிடைத்தது சபை நாட்காட்டியில். 25க்கு முந்தைய நான்கு ஞாயிறுகளும் அட்வெந்து, காத்திருக்கும் காலம். கொண்டாட்டம் 25இல்தான் தொடங்குகிறது. ஞானிகள் பாலகனைக் காண வந்ததை நினைக்கும் எபிபனி திருநாள் ஜனவரி 6இல் வருவதற்குள் முழுதாக 12 நாள் இருக்கிறது. நாங்களோ 26ஆம் தேதியே நட்சத்திர விளக்கைக் கழற்றிவிடுவோம்!

சரி என்று, பண்டிகைக்கு எல்லோரையும் வீட்டுக்கு அழைத்து விருந்து வைக்கும் திறந்த இல்ல உபசரிப்பை 25க்கு அப்புறம் வரும் ஞாயிறுக்கு மாற்றினேன். அத்தை முணுமுணுத்தார். காலியான மாலைகளில் லூக்கா 2ஆம் அதிகாரம் மட்டும், கொஞ்சம் கொஞ்சமாக. மேய்ப்பர்களுக்குச் செய்தி வந்தது இரவுக் காவல் வேலையில் இருந்தபோது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பிள்ளையைப் பார்த்துவிட்டு, துதித்துக்கொண்டே திரும்பியும் போனார்கள். ஷிப்ட் வேலைக்காரனுக்கு அது பெரிய ஆறுதல். தூக்கமும் வந்தது.

முறுக்கை மட்டும் 25க்கு முன் சுடாதீர்கள். உபசரிப்பு வரை பிள்ளைகள் விட்டுவைக்க மாட்டார்கள்.