அசெம்பிளா, பிராண்டட் செட்டா? கம்ப்யூட்டர் வாங்கும்போது செட்டிநாட்டுப் பக்கம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடியில் எந்தக் கம்ப்யூட்டர் கடைக்குள் நுழைந்தாலும் இந்தக் கேள்வி காதில் விழும்: "அசெம்பிள் பண்ணினா எவ்வளவு ஆகும், பிராண்டட்னா எவ்வளவு?" பார்ட்ஸைத் தனித்தனியாக எடுத்துக் கடையில் பூட்டித் தருவது அசெம்பிள், கம்பெனியே முழுசாகச் செய்து அனுப்புவது பிராண்டட். கடைக்காரர் இரண்டுக்கும் கொட்டேஷன் போட்டுத் தருவார். வந்தவர் இரண்டிலும் கடைசி வரியை மட்டும் பார்த்துவிட்டு, எது குறைவோ அதற்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போவார்.

அந்த இரண்டு தாளும் ஒரே பொருளுக்குப் போட்ட விலை இல்லை. பிராண்டட் பெட்டியில் பெரும்பாலும் ஒரிஜினல் விண்டோஸ், கீபோர்டு, மவுஸ், வைஃபை, ஜி.எஸ்.டி., ஒரே கம்பெனியின் வாரண்டி எல்லாம் சேர்ந்தே வரும். அசெம்பிள் கொட்டேஷனில் விண்டோஸ் என்ற வரியே இருக்காது. கேட்டால், "அதெல்லாம் நாங்களே போட்டுத் தர்றோம்" என்பார்கள். அப்படிப் போடுவது பல நேரம் கிராக் விண்டோஸ், அதாவது லைசென்ஸ் இல்லாத திருட்டுக் காப்பி. வைஃபை இருக்காது. சில இடத்தில் ஜி.எஸ்.டி.யும் சேர்ந்திருக்காது. இதையெல்லாம் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். பிராண்டட் மாடலிலும் விண்டோஸ் இல்லாமல் வருகிற சில உண்டு, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் இரண்டு தொகையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பல பேருக்கு முடிவே மாறிவிடும்.

கிராக் விண்டோஸ் பற்றி எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. பேங்க் பாஸ்வேர்டும் ஜி.எஸ்.டி. லாகினும் இருக்கிற மெஷினில் அதைப் போடக் கூடாது. காசு இல்லையென்றால் லினக்ஸ் இலவசம், அதைப் போட்டுக்கொள்ளலாம்.

"அசெம்பிள்தான் எப்பவும் மலிவு" என்பது பழைய கணக்கு. ஒரு காலத்தில் அது உண்மையாக இருந்தது. இப்போது பில் போட, கணக்கு எழுத, பிரவுசிங் பார்க்க என்று வாங்கும் சாதாரண மெஷினில் பிராண்டட் விலை சமமாகவே வருகிறது, சில சமயம் குறைவாகவும் வருகிறது. அதிலும் 2025 கடைசியில் ராம், அதாவது மெஷின் வேலை செய்யும்போது பயன்படுத்துகிற மெமரி, விலை மளமளவென்று ஏறியது. ஏ.ஐ. டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை மொத்தமாக வாங்கிக்கொண்டதுதான் காரணம். பெரிய கம்பெனிகள் முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டுச் சரக்கு வைத்திருக்கும். ஒரு ராம் குச்சியைத் தனியாக வாங்குகிற நமக்கு அன்றைய விலைதான். அதனால் போன வருஷம் மச்சான் வாங்கிய விலையை வைத்து இந்த வருஷம் பட்ஜெட் போடாதீர்கள்.

வேலையைச் சொல்லாமல் விலையைக் கேட்பது

புதுவயலில் அரிசி மில் வைத்திருப்பவருக்கு டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேர், சரக்கு அனுப்ப இ-வே பில், பேங்க் சைட், ஒரு பிரிண்டர், இவ்வளவுதான் வேலை. இதற்குக் கிராஃபிக்ஸ் கார்டு வேண்டியதே இல்லை. சின்னதாக ஒரு பிராண்டட் டெஸ்க்டாப், எஸ்.எஸ்.டி. என்ற வேகமான டிஸ்க், 16 ஜி.பி. ராம், கூடவே மூன்று வருஷ ஆன்சைட் வாரண்டி. நின்றுபோனால் யாரைக் கூப்பிடுவது என்ற கவலை அவருக்கு இருக்கக் கூடாது, ஏனென்றால் மெஷின் நின்ற அன்று லோடும் நின்றுவிடும்.

கல்யாண வீடியோ எடிட் செய்கிற ஸ்டூடியோக்காரருக்கு நான் அசெம்பிள்தான் சொல்வேன். அவருக்கு ப்ராசசரும் கிராஃபிக்ஸ் கார்டும் பலமாக வேண்டும், டிஸ்க் மேல் டிஸ்க் சேர்த்துக்கொண்டே போக வேண்டும், மூன்று வருஷம் கழித்து கார்டை மட்டும் மாற்ற வேண்டும். அந்த வசதியை அதே காசுக்கு பிராண்டட் பெட்டி தராது. கேம் ஆடுகிற பையன்களுக்கும், முப்பரிமாண டிசைன் செய்கிறவர்களுக்கும் இதேதான். இன்ஜினியரிங் சேரப் போகிற பிள்ளை ஹாஸ்டலில் தங்கப் போகிறதென்றால் இந்த விவாதமே வேண்டாம், லேப்டாப் வாங்குங்கள்.

"ஐ5" என்ற பெயரை நம்புவது

இது பெரிய பொறி. "ஐ5, 8 ஜி.பி., எஸ்.எஸ்.டி., மானிட்டரோட" என்று ரொம்பக் குறைந்த விலைக்கு செட் கிடைக்கும். அது பல நேரம் ஏதோ ஒரு ஆபீசிலிருந்து கழித்துவிட்ட பழைய மெஷினாக இருக்கும். ஐ5 என்பது இன்டெல் ப்ராசசர்களில் ஒரு வரிசையின் பெயர்தான். அதற்குப் பின்னால் வருகிற எண்ணைப் பாருங்கள். ஐ5-4570 என்றால் நாலாவது தலைமுறை, 2013இல் வந்தது. ஐ5-12400 என்றால் பன்னிரண்டாவது தலைமுறை, 2022இல் வந்தது. இரண்டும் ஐ5தான், ஆனால் நடுவில் ஒன்பது வருஷம் இருக்கிறது.

விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்து வந்த சாதாரண சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு இன்டெலில் எட்டாவது தலைமுறையாவது இருக்க வேண்டும், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். பழைய மெஷினிலும் குறுக்கு வழியில் ஏற்றிக் கொடுப்பார்கள். அதில் அப்டேட் ஒழுங்காக வரும் என்று கம்பெனி உறுதி தருவதில்லை.

ஐ5-12400க்கும் ஐ5-12400எஃப்க்கும் ஒரு எழுத்துதான் வித்தியாசம். எஃப் போட்டதில் உள்ளேயே இருக்கிற கிராஃபிக்ஸ் இல்லை. விலை கொஞ்சம் குறைவு என்று அதை வாங்கிவிட்டு, தனிக் கார்டு போடாவிட்டால் மானிட்டரில் படமே வராது. ஏ.எம்.டி.யில் ரைசன் 5 5600, 5600ஜி இரண்டுக்கும் இதே கதைதான், அங்கே ஜி போட்டதில்தான் படம் வரும்.

எஸ்.எம்.பி.எஸ்.: யாரும் பார்க்காத பெட்டி

அசெம்பிள் செய்கிறவர்கள் செய்யும் தவறுகளில் மற்ற எல்லாவற்றையும்விட மோசமானது இதுதான் என்று நினைக்கிறேன். ப்ராசசருக்கு வாரக்கணக்கில் ஆராய்ச்சி நடக்கும். கேபினட்டோடு சேர்ந்து வருகிற எஸ்.எம்.பி.எஸ்.ஸை, அதாவது கரண்டை மாற்றி உள்ளே எல்லா பார்ட்டுக்கும் கொடுக்கிற பெட்டியை, யாரும் திருப்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

ஒரு நிமிஷம் அந்தப் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரைப் படியுங்கள். பெரிய எழுத்தில் 450 வாட் என்று இருக்கும். கீழே சின்ன எழுத்தில் ஒரு கட்டம் இருக்கும், 3.3 வோல்ட், 5 வோல்ட், 12 வோல்ட் என்று. இன்றைய ப்ராசசரும் கிராஃபிக்ஸ் கார்டும் மின்சாரம் எடுப்பது ஏறக்குறைய முழுக்க 12 வோல்ட் வரிசையிலிருந்துதான். அதற்கு நேரே 14 ஆம்பியர் என்று போட்டிருந்தால், 14ஐ 12ஆல் பெருக்குங்கள். 168 வாட். உண்மையில் உங்களுக்குக் கிடைப்பது அவ்வளவுதான். ஆர்.டி.எக்ஸ். 3060 கார்டு மட்டுமே 170 வாட் கேட்கும். அந்தக் கார்டை இந்தப் பெட்டியில் மாட்டினால் பாதி ரெண்டரிங்கில் மெஷின் அணையும், இல்லாவிட்டால் ஒரு நாள் எஸ்.எம்.பி.எஸ். வெடித்து மதர்போர்டையும் சேர்த்துக் கொண்டுபோகும். மின்சாரத்தை அதிகம் வீணாக்காது என்பதற்கான 80 பிளஸ் சான்று உள்ள, பெயர் தெரிந்த கம்பெனியின் எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் தனியாக வாங்குங்கள். அதற்காகப் பளபளக்கும் லைட் கேபினட்டை விட்டுவிடலாம்.

சில மலிவு எஸ்.எம்.பி.எஸ்.களில் பின்பக்கம் சிவப்பாக ஒரு ஸ்விட்ச் இருக்கும், 115, 230 என்று. அது 230லேயே இருக்கட்டும். பிள்ளைகள் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டு வயரிங்கை மறந்துவிடுவது

கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் பக்கம் பழைய வீடுகளில் வயரிங்கும் பழசு. சுவரில் அடித்த மரச் சட்டத்தின்மேல் ஓடுகிற வயர், இரண்டு பின் பிளக், எர்த் கிடையாது. இந்த மாதிரி இடத்தில் புது மெஷினை மாட்டினால், கேபினட்டின் ஓரத்தில் புறங்கை பட்டவுடன் சுர்ரென்று இழுக்கும். "ஷாக் அடிக்குது, மெஷின் சரியில்லை" என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். கடையில் அடிக்காது, ஏனென்றால் அங்கே எர்த் இருக்கிறது.

காரணம் எளிது. எஸ்.எம்.பி.எஸ்.ஸின் வாசலில் இரைச்சலை வடிகட்டக் குட்டிக் கெப்பாசிட்டர்கள் இருக்கும். அவற்றின் வழியாகக் கசிகிற மிகச் சின்ன மின்சாரம் எர்த் வயரில் இறங்கிப் போக வேண்டும். எர்த் இல்லாவிட்டால் கேபினட் உடம்பே சப்ளையில் பாதி வோல்ட்டேஜில், சுமார் 115 வோல்ட்டில், நிற்கும். மின்னோட்டம் ரொம்பக் குறைவு என்பதால் பொதுவாக உயிருக்கு ஆபத்து இல்லை. ஆனால் பிரிண்டர் கேபிளையோ டி.வி. கேபிளையோ செருகும்போது போர்ட் போய்விடலாம். உள்ளே உண்மையிலேயே ஒரு லீக்கேஜ் வந்தால் அது உயிருக்கே ஆபத்து.

இதற்குச் சில எலெக்ட்ரீஷியன்கள் ஒரு குறுக்கு வழி செய்வார்கள். சாக்கெட்டுக்குள்ளேயே எர்த் பின்னையும் நியூட்ரலையும் இணைத்துவிடுவார்கள். தயவுசெய்து விடாதீர்கள். எங்கேயாவது நியூட்ரல் அறுந்தால் கேபினட் முழுக்க 230 வோல்ட் வந்துவிடும். முறையாக எர்த் குழி போட்டு, மூன்று பின் லைன் இழுத்து, கரண்ட் கசிந்தால் உடனே லைனை அணைக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று வைத்தால் போதும். கம்ப்யூட்டர் பட்ஜெட்டில் இந்தச் செலவையும் சேர்த்தே எழுதுங்கள். அசெம்பிளோ பிராண்டட்டோ, இரண்டுக்கும் இது வேண்டும்.

யூ.பி.எஸ்.ஸும் அப்படித்தான். 600 வி.ஏ. என்று போட்டிருப்பது பெரும்பாலும் 360 வாட் தாங்கும். பில் போடுகிற மெஷினுக்கு அது ஏராளம், எடிட்டிங் மெஷினுக்குப் பத்தாது. வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுவதென்றால் அது சைன் வேவ் வகையாக இருக்க வேண்டும், யூ.பி.எஸ். மோடில் இருக்க வேண்டும். மற்ற மோடில் கரண்ட் மாறுகிற நொடியில் மெஷின் ரீஸ்டார்ட் ஆகிவிடும். ஐப்பசி இடியிலும் கோடை மழையிலும் பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது, இன்டர்நெட் வயர் செம்புக் கேபிளாக இருந்தால் அதையும் கழற்றிவிடுங்கள்.

இன்னொன்று வைஃபை. முகப்பில் மோடம், இரண்டாங்கட்டு அறையில் கம்ப்யூட்டர், நடுவே வளவும் (நடு முற்றமும்) கனத்த சுவர்களும். சிக்னல் தள்ளாடும். விலை குறைந்த மதர்போர்டுகளில் வைஃபை இருக்கவே இருக்காது, அப்புறம் ஒரு டாங்கிள் வாங்கி அதுவும் சரியாக எடுக்காமல் அவதிப்படுவார்கள். பேசாமல் ஒரு லேன் கேபிள் இழுத்துவிடுங்கள். 100 மீட்டர் வரை அது தாங்கும், பெரிய வீட்டுக்கும் போதும்.

பிராண்டட்டிலும் பொறி உண்டு

"இப்ப இதை வாங்கிக்குவோம், அப்புறம் கிராஃபிக்ஸ் கார்டு போட்டுக்கலாம்" என்று பிராண்டட் பெட்டி வாங்குவது தவறான யோசனை. பல கம்பெனிகளின் ஆபீஸ் மாடல்களில் 180 முதல் 260 வாட் வரையிலான எஸ்.எம்.பி.எஸ்.தான் இருக்கும். அதை மாற்றலாம் என்றால் மதர்போர்டின் கனெக்டரே வேறு மாதிரி, கடையில் கிடைக்கும் சாதாரண எஸ்.எம்.பி.எஸ். பொருந்தாது. ஒல்லியான கேபினட்டில் குட்டை கார்டுகள்தான் நுழையும். ராமும் ஒற்றைக் குச்சியாக வந்திருக்கலாம். அதே அளவில் இன்னொரு குச்சி சேர்த்தால் வேகம் கூடும், ஆனால் காலி ஸ்லாட் இருக்கிறதா என்று வாங்குமுன்பே கேட்க வேண்டும்.

ஆன்சைட் வாரண்டி என்றால் ஆள் வீட்டுக்கு வருவார் என்று அர்த்தம். உங்கள் ஊர் பின்கோடைச் சொல்லி, அங்கே வருவாரா என்று கேளுங்கள். காரைக்குடிக்குள் வருகிறவர் உள்கிராமத்துக்கு வருவார் என்று நாமாக நினைத்துக்கொள்ளக் கூடாது. இல்லாவிட்டால் மெஷினை மதுரைக்கோ திருச்சிக்கோ நாம்தான் சுமக்க வேண்டியிருக்கும்.

வெளிநாட்டிலிருந்து பார்ட்ஸ் வரவழைப்பது

நம் பக்கம் இது அதிகம். சிங்கப்பூரிலிருந்து மாமா வரும்போது ப்ராசசரையும் கார்டையும் சிம் லிம் ஸ்கொயரில் வாங்கி வரச் சொல்வது. விலையில் கொஞ்சம் மிச்சமாகும்தான். பெரும்பாலான பார்ட்ஸ் வாரண்டி வாங்கிய நாட்டிலேயே செல்லுபடியாகும். இங்கே மூன்றாவது மாதம் கார்டு போனால், மாமா மறுபடி ஊருக்குப் போகும்வரை காத்திருக்க வேண்டும். கீபோர்டு, மவுஸ் வாங்கி வரச் சொல்லுங்கள். மதர்போர்டு, கிராஃபிக்ஸ் கார்டு வேண்டாம்.

அசெம்பிளில் ஒவ்வொரு பார்ட்டுக்கும் வாரண்டி தனித்தனி. பெட்டியோடு வருகிற ப்ராசசருக்கு மூன்று வருஷம், மதர்போர்டுக்கும் பெரும்பாலும் அவ்வளவுதான், எஸ்.எஸ்.டி.க்கு மூன்றோ ஐந்தோ. பெட்டி இல்லாத ட்ரே ப்ராசசருக்குக் கம்பெனி நம்மிடம் பொறுப்பேற்காது. "பில் வேண்டாம்னா 18 சதவீதம் மிச்சம்" என்ற பேச்சுக்குத் தலையாட்டினால் இந்த வாரண்டி அத்தனையும் போச்சு. ஜி.எஸ்.டி. பதிவு உள்ள வியாபாரிக்கு அந்த வரி பெரும்பாலும் கிரெடிட்டாகத் திரும்பியே வந்துவிடும், அப்புறம் அதில் என்ன மிச்சம்?

நீங்களே மாட்டுவதாக இருந்தால் சில விஷயங்கள். ராம் இரண்டு குச்சி, ஸ்லாட் நாலு என்றால் பொதுவாக ப்ராசசர் பக்கமிருந்து எண்ணி இரண்டாவதும் நாலாவதும். பழைய தலைமுறை டி.டி.ஆர்.4 ராம் புதிய டி.டி.ஆர்.5 போர்டில் நுழையாது, அழுத்தாதீர்கள். தனிக் கார்டு போட்டிருந்தால் மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகாமல் கிராஃபிக்ஸ் கார்டில் செருகுங்கள். பின்னால் காலியாக இருக்கிற ஸ்லாட்டுகளுக்கு மூடி போடுங்கள், நம் ஊர்ப் பல்லிக்கு அந்தச் சந்து போதும்.

கடையில் பணம் கொடுக்குமுன் மெஷினை ஓடவிட்டு, டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். ப்ராசசரின் முழுப் பெயர், ராம் எவ்வளவு, எத்தனை ஸ்லாட் நிரம்பியிருக்கிறது எல்லாம் அங்கேயே தெரியும். கொட்டேஷனோடு வரிக்கு வரி ஒத்துப்பாருங்கள். பில்லில் ஒவ்வொரு பார்ட்டின் சீரியல் நம்பரையும் எழுதி வாங்குங்கள். வெப்பத்தில் பில்லின் எழுத்து மங்கிவிடும், அன்றைக்கே போட்டோ எடுத்து வையுங்கள். காலி டப்பாக்களைக் கடையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள், எஸ்.எம்.பி.எஸ். டப்பா உட்பட. வாரண்டிக்கு அனுப்பும்போது சில கம்பெனிகள் அதைக் கேட்கும்.