பாதியில் நின்ற ஆர்டர்: ரத்து செய்வதற்கு முன் பெட்டியை எண்ணுங்கள்
தானியங்கிக் கிடங்கில் கன்வேயர் (பொருள்களை நகர்த்தும் பட்டை) நின்றோ ரோபோ பழுதாகியோ ஓர் ஆர்டர் பாதியில் தடைபட்டால், அதை உடனே ரத்து செய்து புதிதாக அனுப்ப வேண்டாம். அப்படிச் செய்தால், ஏற்கெனவே எடுத்த பொருள் ஆர்டருக்கான பெட்டியில் இருக்கும்போதே அதையே மறுபடியும் எடுக்கும்படி ஆணை பிறந்து, இருப்புக் கணக்கும் பிசகிவிடும்.

ஆர்டரை நிறுத்தி வையுங்கள். இயந்திரம் முழுமையாக நின்றுவிட்டதை உறுதி செய்துகொண்டு (இதில் அவசரம் கூடவே கூடாது), பெட்டியின் பார்கோடை ஸ்கேன் செய்து, உள்ளிருக்கும் பொருள்களைக் கையால் எண்ணி, கிடங்கு மென்பொருள் காட்டும் எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். கடைசியாக எடுத்த பொருளைக் குறிப்பாகப் பாருங்கள்: அது பெட்டிக்குள் வந்திருந்தும், எடுத்ததற்கான பதிவு கணினியை அடையாமல் போயிருக்கலாம். அந்தப் பதிவைத் திருத்திய பின், மீதமுள்ள பொருள்களை மட்டும் எடுக்கும்படி ஆர்டரை மீண்டும் விடுவியுங்கள்.

பெட்டியைக் கையால் வேறிடத்துக்கு மாற்றினால், புதிய இடத்தையும் அப்போதே பதிவு செய்யுங்கள்.